கனிமத்திலிருந்து உயிர்ச்செயற் கண்ணாடிப் பீங்கான்: கணக்கும் கலப்படமும்

எலும்புடன் நேரடியாகப் பிணையும் கண்ணாடியை 1969 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் லரி ஹென்ச் புளோரிடாவில் உருவாக்கினார். எடைப்படி சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஒட்சைட்டும் கல்சியம் ஒட்சைட்டும் தலா 24.5 சதவீதம், பொசுபரசு ஒட்சைட்டு 6 சதவீதம் என்பதே அதன் சேர்மானம். அதையே இலங்கையின் எப்பாவலவில் கிடைக்கும் அப்பதைற்று (கல்சியமும் பொசுபரசும் கொண்ட கனிமம்), சிலிக்கா தரும் படிகக்கல், சுண்ணாம்புக்கல், சோடியம் காபனேற்று ஆகியவற்றை உருக்கிப் பெற்று, பின்னர் சூடேற்றிப் பளிங்காக்கிக் கண்ணாடிப் பீங்கானாக்க முயலும் கொழும்பு மாணவர் ஒருவர், உலையைத் தொடுமுன்பே கணக்கில் சறுக்கிவிடலாம்.

100 கிராம் கண்ணாடிக்கு வேண்டிய பொசுபரசு ஒட்சைட்டைத் தர, தூய அப்பதைற்று ஏறத்தாழ 14 கிராம் போதும். ஆனால் அதனுடன் 8 கிராம் அளவு கல்சியம் ஒட்சைட்டும் வந்து சேர்கிறது. அதைக் கழிக்காமல், 30 கிராம் போதுமான இடத்தில் 44 கிராம் சுண்ணாம்புக்கல்லை இட்டால், கல்சியம் மிகுந்த வேறொரு கண்ணாடியே கிடைக்கும். சோடியம் காபனேற்றை உலர்த்தாமல் நிறுப்பதும் இதே வகைப் பிழைதான். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்த போத்தலிலிருந்து எடுத்தால், தராசு நீரையும் சேர்த்தே காட்டும்.

இவற்றைவிடப் பெரிய பகை அலுமினா, அதாவது அலுமினியம் ஒட்சைட்டு. ஒருசில சதவீதம் கலந்தாலே கண்ணாடி எலும்புடன் பிணையும் இயல்பை இழந்துவிடக்கூடும் என்பதால், சோடியத்துக்காகப் பெல்ஸ்பார் என்னும் பாறைக் கனிமத்தை நாடுவது சிக்கனம்போலத் தோன்றினாலும் பெருந்தவறாகும். சோடியம் பெல்ஸ்பாரில் அலுமினா மட்டுமே 19 சதவீதம் இருக்கிறது. எப்பாவல அப்பதைற்றிலும் தெளிந்த பளிங்குகளைப் பொறுக்கியெடுக்க வேண்டும். அவற்றைச் சூழ்ந்துள்ள சிதைவுற்ற பகுதியில் இரும்பும் அலுமினியமும் உண்டு. இத்தனை கவனமாகப் பொறுக்கிவிட்டு அலுமினா மூசையில் (உருக்கும் கலத்தில்) உருக்குபவர்களும் இருக்கிறார்கள்! ஆறிய மூசையின் உட்சுவரில் உருகுநீர் நின்ற மட்டத்தில் அரித்த வளையமொன்று தெரிந்தால், அங்கே கரைந்தது கண்ணாடிக்குள் போயிருக்கிறது. பிளாற்றினம் மூசையே பொருத்தமானது. வார்த்த கண்ணாடி பச்சை சாயலாக இருந்தால், முதலில் இரும்பைச் சந்தேகியுங்கள். மூலப்பொருளை அரைக்கும் எஃகுக் கலமும் அதைச் சேர்க்கும்.

இறுதிச் சோதனையிலும் ஏமாறலாம். உடற்திரவத்தை ஒத்த கரைசலில், பி.எச். 7.4 இல், 36.5 பாகை செல்சியசில் மாதிரியை ஊறவைத்தபின் எக்ஸ் கதிர் வரைபில் அப்பதைற்று உச்சி தெரிந்தவுடன் மகிழ்ந்துவிடக்கூடாது. அது எலும்புடன் பிணையும் இயல்பைக் காட்டும் வகையில் மேற்பரப்பில் புதிதாக வளர்ந்த அப்பதைற்றுப் படையாகவும் இருக்கலாம், உருகாமல் எஞ்சிய எப்பாவலக் கல்லாகவும் இருக்கலாம். கரைசலில் இடுமுன் அதே மாதிரிக்கு எடுத்து வைத்த வரைபு இருந்தால் மட்டுமே இரண்டையும் பிரித்தறிய முடியும்.