இரும்பு ஆக்சைடு நானோ படிகம்: கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கெடும்

முன்பொருளை (படிகமாக மாறப்போகும் சேர்மத்தை) சூடேற்றிச் சிதைத்து நானோ படிகம் எடுக்க முதன்முதலாக முயல்பவர்களுக்கு நான் சொல்வது இரும்பு ஓலியேட் (இரும்பும் ஓலியிக் அமிலமும் சேர்ந்த உப்பு) வழிதான். 2004-ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஹியோனின் குழு வெளியிட்டது. ஒரே குடுவையில் 40 கிராம் எடுத்தார்கள். நாம் அவ்வளவு எடுக்கப்போவதில்லை; அவர்கள் தந்த வழக்கமான செய்முறையின் அளவுகளில் பத்தில் ஒரு பங்கு போதும். ஃப்யூம் ஹுட்டும் (புகையை வெளியே இழுக்கும் அடைப்பு) ஆர்கான் வாயு இணைப்பும் இல்லையென்றால் இதைத் தொட வேண்டாம்.

முதலில் ஓலியேட். ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 1.08 கிராம், சோடியம் ஓலியேட் 3.65 கிராம், எத்தனால் 8 மி.லி., தண்ணீர் 6, ஹெக்சேன் 14. 70 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் ரீஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவையிலேயே விழும்படி கொதிக்கவிடுவது). பிரிபுனலில் மேலே நிற்கும் செம்பழுப்பு அடுக்கை மூன்று முறை தண்ணீரில் கழுவி, ஹெக்சேனை ஆவியாக்கி ஓட்டிவிடுங்கள். மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதுதான் நம் முன்பொருள்.

நான் சறுக்கியது இங்கேதான். பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தது, அப்படியே சூடேற்றிவிட்டேன். கண்டென்சரின் (ஆவியைக் குளிர்விக்கும் குழாய்) கீழ்முனையில் ஒரு துளி தண்ணீர் திரண்டு, கொதிக்கிற எண்ணெயில் விழுந்தது. 'சடார்' என்று குடுவை குலுங்கி, கலவை கழுத்துவரை ஏறியது. டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் சின்னதும் பெரியதுமாக எல்லா அளவிலும் துகள்கள். இப்போது முன்பொருள் முழுவதையும் ஓலியிக் அமிலம் 0.57 கிராம், கரைப்பானான 1-ஆக்டாடெசீன் 20 கிராமுடன் கலந்து, 110 டிகிரியில் வெற்றிடத்தில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். நுரை பொங்கும், வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். குமிழி அடங்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ஆர்கானில், நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் 320 வரை. அவசரம் கூடாது. ஒவ்வொரு இரும்போடும் மூன்று ஓலியேட் ஒட்டியிருக்கும். 200-240 டிகிரியில் அதில் ஒன்று கழன்று கரு (படிகத்தின் முதல் விதை) உண்டாகிறது. மீதி இரண்டும் 300-ஐ ஒட்டிக் கழன்று படிகம் வளர்கிறது. கருவும் வளர்ச்சியும் தனித்தனியே நடப்பதால்தான் அளவு சீராக வருகிறது. ஹாட்பிளேட்டில் இதைச் செய்யாதீர்கள். குடுவையைச் சுற்றிச் சூடேற்றும் ஹீட்டிங் மேண்டிலும், வெப்பத்தைச் சீராக ஏற்றும் பிஐடி கன்ட்ரோலரும் வேண்டும், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் திரவத்துக்குள் இருக்க வேண்டும். 320-ல் கலவை பலமாகக் கொதித்து, தெளிவாக இருந்தது கலங்கிக் கருக்கும். 30 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள்.

எத்தனால் 50 மி.லி. ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுழற்றி அடியில் படிவதை எடுத்து, ஹெக்சேனில் கரைத்தால் சுமார் 12 நானோமீட்டர் படிகங்கள். 5 நானோமீட்டர் வேண்டுமா? ஆக்டாடெசீனுக்குப் பதில் 274 டிகிரியில் கொதிக்கும் 1-ஹெக்சாடெசீனுக்கு மாறுங்கள்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த இருவர், படிகம் ஹெக்சேனில் பரவிக் கலக்காமல் அடியில் தங்குகிறது என்றார்கள். விசாரித்தால், ஐந்தாறு முறை எத்தனாலில் கழுவியிருக்கிறார்கள். மேலே ஒட்டியிருந்த ஓலியிக் அமிலமும் அதோடு போய்விட்டது. இரண்டு, மூன்று முறை போதும். ஏற்கெனவே அடியில் தங்கிவிட்டால், ஒரு சொட்டு ஓலியிக் அமிலம் விட்டு சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கலக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.