காகிதமில்லா ஜியோகேஷிங்குக்கு ஜிபிஎஸ் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

குமரி மாவட்டத்தில் ஜிபிஎஸ் புதிய பொருள் இல்லை. தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் அது இல்லாமல் தொழில் இல்லை. அதனால் ஜியோகேஷிங், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடும் விளையாட்டில், ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் பழைய கருவியைக் கேட்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கிடைத்தது கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் 72எச். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், 500 இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். கடலில் மீன் சேரும் பாறைத்திட்டுகளைத் தேடிப் போக அருமையான கருவி. ஆனால் யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேட அது போதாது. இது புரிய எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டுக் காட்டில் வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை (இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க ரேகை எண்களை) இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு அங்கே பிறந்தது. ஆயத்தொலைவு உங்களை டப்பாவுக்குச் சில மீட்டர் அருகே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதற்கு மேல் உதவுவது டப்பாவைப் பற்றிய பக்கம்: அளவு என்ன, தேடுவதும் போய்ச் சேருவதும் எவ்வளவு கடினம் (இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்), வைத்தவர் தந்த துப்பு, முன்பு போனவர்கள் எழுதிய குறிப்பு. இதையெல்லாம் அச்சடித்து எடுத்துப் போனால் என்ன ஆகும் என்பதை, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் ஒருநாள் என் சட்டைப்பையில் இருந்த தாள்கள் கூழாகிவிட்டன. அந்தப் பக்கம் முழுவதையும் கருவியே தாங்கி நின்றால் அதுதான் காகிதமில்லா ஜியோகேஷிங்.

பெட்டியின் மேல் "ஜியோகேஷிங்" என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு. சில கருவிகளில் அந்தச் சொல்லுக்கு, டப்பா கிடைத்ததும் படத்தில் ஒரு குறி மாறும் என்பது மட்டுமே பொருள். பெயரும் எண்ணும் இருக்கும். விளக்கமும் முந்தைய குறிப்புகளும் இருக்காது. கார்மினின் பழைய ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் அப்படிப்பட்டது. சிக்னல் பிடிப்பதில் பேர் வாங்கிய கருவி, 1000 இடங்களைச் சேமிக்கும். அந்தப் பேரைக் கேட்டுப் பழையதை நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு தாளை விட முடியாது. 2008-ல் வந்த கொலராடோ, ஓரிகன் வரிசைகளில்தான் கார்மின் இதைச் சரியாகச் செய்தது. பிறகு வந்த விலை குறைந்த இட்ரெக்ஸ் 10-லும் முழுப் பக்கமும் வாசிக்கலாம். ஆனால் அதில் வேறு வரைபடம் ஏற்ற முடியாது. கடைக்காரரிடம் "ஜியோகேஷிங் இருக்கா?" என்று கேட்காதீர்கள். டப்பாவின் பக்கம் முழுவதும் அடங்கிய ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். விளக்கம், துப்பு, குறிப்புகள் மூன்றும் திறக்கின்றனவா? "கண்டுபிடித்தேன்" என்று அழுத்தினால் அது கோப்பாகச் சேமிக்கப்பட்டு வீட்டில் கணினிக்கு வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் பணத்தை எடுக்க வேண்டும். கோப்பு விஷயத்திலும் கவனம் தேவை. எல்ஓசி என்ற வகையில் பெயரும் இடமும் மட்டுமே இருக்கும். முழுப் பக்கமும் ஜிபிஎக்ஸில்தான் வரும். ஜியோகேஷிங்.காம் என்ற பெரிய தளத்தில் அது பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டுமே. அந்தச் சந்தாவையும் கருவி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

புதிய கருவிகள் சிலவற்றில் போனோடு இணைந்து நேரடியாகப் பக்கங்களை இறக்கும் வசதி உண்டு. நாகர்கோவில் டவுனில் அது பிரமாதமாக ஓடும். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மலையடிவாரத்தில் போன் சிக்னலை நம்பிப் போகாதீர்கள். வீட்டிலேயே கோப்பை ஏற்றிக்கொள்ள வழியில்லாத கருவி வேண்டாம்.

துல்லியத்துக்காக அளவுக்கு மீறிச் செலவழிப்பதையும் பார்க்கிறேன். குலசேகரம், கடையால் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இலை அடர்ந்த நாட்களில் சிக்னல் தடுமாறும். மருந்துவாழ் மலை போன்ற இடங்களில் பாறையில் பட்டுத் திரும்பும் அலை உங்களை வேறெங்கோ நிறுத்தும். பல அலைவரிசை பிடிக்கும் கருவி இதில் ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் டப்பாவை வைத்தவரின் கருவியும் அதே மரத்தடியில்தானே தடுமாறியிருக்கும்? அவர் எண்ணில் இருக்கும் பிழையை உங்கள் கருவி திருத்தாது.

அந்தப் பணத்தை மின்னணுத் திசைகாட்டிக்குக் கொடுங்கள் என்பேன். அது இல்லாத கருவியில் அம்பு நீங்கள் நடந்தால்தான் சரியான திசை காட்டும். நின்றுவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. நாமோ கடைசிப் பத்து மீட்டரில், புதருக்குள் நின்று நின்றுதான் தேடுவோம். இட்ரெக்ஸ் 20-க்கும் 30-க்கும், அவற்றின் வழிவந்த 22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடுகளில் ஒன்று இதுதான். பேட்டரி மாற்றியதும் திசைகாட்டியை ஒருமுறை அளவு திருத்திக்கொள்ள வேண்டும்.

திரையை ஏசி போட்ட கடைக்குள் நின்று தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. கருவியை வாசலுக்கு எடுத்து வாருங்கள். வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும் வகைத் திரை உண்டு. கன்னியாகுமரி கடற்கரையின் நண்பகல் வெயிலுக்கு அதுதான் தாங்கும். விரலை நனைத்துத் தொட்டும் பாருங்கள். மழையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது என்பது என் அனுபவம், அதனால் பொத்தான் வைத்த கருவியையே விரும்புகிறேன்.

வாங்கிய பிறகு அமைப்பில் நேரும் பிழை நல்ல கருவியையும் வீணாக்கிவிடும். வரைபட அடிப்படை (map datum, எந்த அளவுமுறையில் இடத்தைக் கணக்கிடுவது என்ற அமைப்பு) டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) என்று இருக்க வேண்டும். ஆயத்தொலைவு வடிவம் பாகையும் தசம நிமிடமுமாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி முனைக்கு அருகே வடக்கு 8° 05.300', கிழக்கு 77° 32.300' என்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். இதையே தசமப் பாகை என்று நினைத்து 8.05300, 77.32300 என அடித்தால், கருவி உங்களைச் சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி, முட்டத்துக்குத் தெற்கே கடலுக்குள் போகச் சொல்லும். பேட்டரி வகையையும் அமைப்பில் சரியாகச் சொல்லுங்கள். மறுமுறை சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரியைப் போட்டுவிட்டு ஆல்கலைன் என்று விட்டுவைத்தால், மீதி எவ்வளவு என்று அது காட்டுவதை நம்ப முடியாது.

வளைகுடாவில் இருக்கும் மாமாவையோ அண்ணனையோ வாங்கி வரச் சொல்கிறவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். அவர்களிடம் மாடல் பெயரை எழுத்து விடாமல் சொல்லுங்கள். ஜிபிஎஸ்மேப் 66எஸ் வேறு, 66ஐ வேறு. "ஐ" என்று முடிவதில் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் தொடர்பு இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இன்ரீச்சோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக, விடுப்பில் வரும் ஒருவரை அந்த நிலையில் நிறுத்திவிடக் கூடாது.

பழைய கருவி வாங்குவதானால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். இங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஸ்பிரிங்கில் பச்சை பிடித்திருக்கிறதா, கேபிள் செருகும் இடத்தை மூடும் ரப்பர் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது புதுக் கருவிக்குச் சொன்ன கணக்கு. ரப்பர் கிழிந்திருந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.