வானொலியில் முதல் முறை பேசப் போகிறீர்களா? கடிதம் போடுவதிலிருந்து ஒலிபரப்பு நாள் வரை

எங்கள் டெல்டா பக்கம் ஏடிடி 27 என்று ஒரு நெல் இருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குறுவை ரகம். 1960களில் திருச்சி வானொலியில் கேட்டுவிட்டுத்தான் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் அதை நட்டார்கள். ஏடிடி என்ற பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றே பெயராகிப் போனது. என் மாமனார் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார். 1966இல்தான் அகில இந்திய வானொலி விவசாயத்துக்கென்று தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. அந்த நிகழ்ச்சிகளில் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் மட்டும் பேசுவதில்லை. ஆடு வளர்க்கிறவர், காளான் போடுகிறவர், சுயஉதவிக் குழு அக்கா என்று நம்மைப் போன்றவர்களும் பேசுகிறோம்.

நான் ஆறு வருஷமாக அப்படிப் போய்ப் பேசி வருகிறேன். போன மாதம் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சிக்கு முதல் அழைப்பு வந்தது. "என்னக்கா பண்ணணும், எனக்குக் கை காலெல்லாம் உதறுது" என்றாள். அவளுக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. நீங்களே கடிதம் போடுங்கள்

அவர்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி நிலையத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். பெயர், ஊர், என்ன தொழில், எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள், எதைப் பற்றிப் பேச முடியும். இவ்வளவு போதும்.

கடைசியில் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. "விவசாயம் பற்றிப் பேச விரும்புகிறேன்" என்று எழுதினால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? "உப்புத் தண்ணீரில் விதை நெல் தேர்வு செய்வதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியும்" என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு நிகழ்ச்சி அப்போதே கண்ணில் தெரிந்துவிடும். பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பா விதைப்பு பற்றிய பேச்சுக்கு ஆனி மாதமே கடிதம் போய்ச் சேர வேண்டும். நாற்று பறிக்கும்போது அனுப்பினால் அடுத்த வருஷம்தான்.

பெரிய நிலையம் என்றால் தயக்கமாக இருக்கிறதா? சமுதாய வானொலியில் தொடங்குங்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இல் 90.4இல் ஒலிக்கத் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை எஃப்.எம். இருக்கிறது. இவற்றின் எல்லை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்று அரசு விதியே சொல்கிறது. அதாவது உங்களை உள்ளே விடுவது அவர்கள் செய்யும் தயவு இல்லை, அவர்களுக்கு நீங்கள் தேவை. இந்த நினைப்போடு போனால் பாதிப் பயம் வாசலிலேயே நின்றுவிடும்.

முக்கியமான ஒன்று. உங்களைப் பேச வைக்க யாராவது பணம் கேட்டால் அது விளம்பர நேரமாக இருக்கும், இல்லையென்றால் ஏமாற்று வேலை. அழைப்பு உண்மையா என்று நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அரசு வானொலியில் உரைக்கு அவர்கள்தான் நமக்குச் சிறு தொகை தருவார்கள். அதற்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஒன்று எடுத்துப் போய்விடுங்கள்.

2. பேசுகிற மாதிரி எழுதுவது

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். நானும் இங்கேதான் சறுக்கினேன்.

என் முதல் ஒலிப்பதிவு உப்புத் தண்ணீரில் விதை நெல் தேர்வு செய்வதைப் பற்றியது. அதற்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். வேளாண்மைத் துறைக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல தமிழில், நீள நீளமான வாக்கியங்கள். உள்ளே போய் ஒரே மூச்சில் வாசித்தேன். பத்து நிமிட உரை ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் எழுந்து வந்தார். கோபமெல்லாம் படவில்லை. "வாங்கம்மா, ஒரு டீ சாப்பிடலாம்" என்று வெளியே அழைத்துப் போனார். டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது சரி, தண்ணியில எதுக்கு முட்டையைப் போடுறீங்க?" என்று கேட்டார். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப சொன்னீங்களே, இதை உள்ள வந்து சொல்லுங்க. அந்தத் தாள் வேண்டாம்" என்றார்.

என் தாளில் இருந்தது இது:

"விதைப்பிற்கு முன்னர் விதைகளைத் தரம் பிரித்தல் இன்றியமையாததாகும். இதற்கென உப்புக் கரைசல் முறை பரிந்துரைக்கப்படுகிறது. இம்முறையில் தரமற்ற விதைகள் மிதப்பதால் அவற்றை எளிதில் நீக்கலாம்."

டீக்கடையில் நான் சொன்னது இது:

"விதை நெல்லை அப்படியே கொண்டுபோய் ஊறப் போட்டுடாதீங்க. ஒரு வாளித் தண்ணியில கோழிமுட்டை ஒண்ணு போடுங்க. முட்டை அடியில போய் உட்காரும். இப்பக் கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கரைச்சுக்கிட்டே வாங்க. ஒரு கட்டத்துல முட்டை மெல்ல மேல வரும். நாலணா அகலத்துக்கு அதோட தலை வெளிய தெரியும். அங்க நிறுத்துங்க. இப்ப நெல்லைக் கொட்டுங்க. மிதக்குறதெல்லாம் பதர், அரிச்சு எடுத்துடுங்க. அடியில தங்குறதுதான் விதை. அதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிட்டு ஊறப் போடுங்க. உப்பு தங்கினா முளைப்பு கெட்டுப்போகும்."

இரண்டும் ஒரே விஷயம்தான். முதலாவதைக் கேட்டு யாரும் வாளியை எடுக்க மாட்டார்கள். புத்தகத்தில் புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படிக்கலாம். வானொலியில் போன வாக்கியம் போனதுதான். அதனால் ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. தண்ணீர், முட்டை, உப்பு, நெல் என்று கை செய்கிற வரிசையிலேயே வாயும் போக வேண்டும்.

எழுதும் முன் ஓர் ஆளைத் தீர்மானியுங்கள். "அன்பான வானொலி நேயர்களே" என்று பத்தாயிரம் பேரை நினைத்துப் பேசினால் குரல் மேடைக்குப் போய்விடும். நான் என் சின்ன மாமியாரை நினைத்துக்கொள்வேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே "ம்... அப்புறம்?" என்று கேட்பவர். அவருக்குப் புரியாத சொல் வந்தால் அடித்துவிடுவேன். 'இன்றியமையாதது' அப்படித்தான் போனது.

முழுசாக எழுதாமல் போகலாமா என்றால், கூடாது. நிலையத்தில் எழுத்துப் பிரதி கேட்பார்கள், முன்கூட்டியே படித்தும் பார்ப்பார்கள். எழுதுங்கள், ஆனால் பேச்சைத்தான் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த சுலபமான வழி: யாரிடமாவது வாயால் சொல்லி போனில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள்.

அரசு வானொலியில் கம்பெனிப் பெயர் சொல்லக் கூடாது. பூச்சிமருந்தென்றால் அதில் உள்ள மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், டப்பாவில் உள்ள பெயரை அல்ல. மதம், சாதி, கட்சி எதையும் குத்திப் பேசக் கூடாது.

3. தாளும் கடிகாரமும்

எழுதியதைச் சத்தம் போட்டுப் படித்து நேரம் பாருங்கள். மனசுக்குள் படிப்பது கணக்கில்லை. எனக்கு ஒரு நிமிடத்துக்கு 90 சொல் சரியாக வருகிறது. உங்களுக்கு எவ்வளவு என்று மூன்று தடவை படித்தால் தெரிந்துவிடும். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் பேசுவோம். ஆகவே வீட்டில் பத்து நிமிடம் வந்தால் அங்கே ஒன்பதுதான் வரும். ஒரு நிமிடத்துக்கான விஷயத்தைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில். பக்கக் கடைசியில் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். தாள்களைச் சேர்த்துப் பின் குத்தாதீர்கள். புரட்டுகிற சத்தம் ஒலிபெருக்கியில் சோளத்தட்டையை முறிப்பது போலக் கேட்கும். முடிந்த தாளை மேசையில் ஓரமாக நகர்த்தினால் போதும். எண்களை எழுத்தால் எழுதுங்கள். '1½' என்றிருந்தால் கண் தடுக்கும், 'ஒன்றரை' என்றால் வாய் தானாகச் சொல்லும்.

4. ஒலிப்பதிவு நாள்

காலையில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். தயிர், ஐஸ் தண்ணீர் வேண்டாம், சிலருக்குத் தொண்டை கட்டின மாதிரி தோன்றும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பாட்டிலில் இருக்கட்டும். கஞ்சி போட்ட புதுச் சேலை கட்டாதீர்கள், அசைந்தால் சரசரக்கும். கண்ணாடி வளையலைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். ஆண்கள் சட்டைப் பையில் சாவிக்கொத்தும் சில்லறையும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். போனை அணைத்துவிடுங்கள், சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது.

ஒலிப்பதிவு அறைக்குள் முதல் தடவை போகும்போது ஒரு விஷயம் உங்களைக் கலங்கடிக்கும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். கனமான கதவு ஒன்று, அதற்குள் இன்னொரு கதவு. இரண்டாவது மூடியதும் உலகமே நின்றுபோன மாதிரி ஆகிவிடும். மின்விசிறி கிடையாது, தெருச் சத்தம் கிடையாது, சுவரில் பட்டு நம் குரல் திரும்பி வருவது கூடக் கிடையாது. கிராமத்து ஆட்களுக்கு இப்படியொரு அமைதி பழக்கமே இல்லை. நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். ஏதோ உடம்புக்கு ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து சொந்தக் கதை எதையாவது சத்தமாகப் பேசுங்கள். "குரல் பார்க்கணும், ஏதாவது பேசுங்க" என்று அவர்களும் கேட்பார்கள். அந்த நேரத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணாமல், காலையில் பஸ் பிடித்து வந்த கதையைச் சொல்லுங்கள். எந்தக் குரலில் பேசப் போகிறோமோ அந்தக் குரலைத்தான் அவர்கள் அளவு பார்க்க வேண்டும்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண். நேருக்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாகப் பேசினால் 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் போய் இடிக்காது. அந்த ஒரு சாண் கடைசி வரை மாறக் கூடாது. தாளைப் பார்க்கத் தலையைக் குனிந்தால் குரலும் கிணற்றுக்குள் போய்விடும். அதனால் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். முட்டை மேலே வருவதைச் சொல்லும்போது கை தானாக மேலே போகும். போகட்டும், மேசையில் மட்டும் தட்ட வேண்டாம். கை அசைந்தால்தான் குரலில் உயிர் வரும்.

தப்பாகச் சொல்லிவிட்டால் "ஐயோ, சாரி" என்றெல்லாம் பதற வேண்டாம். நிறுத்துங்கள். இரண்டு நொடி சும்மா இருங்கள். அந்த வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து மறுபடி சொல்லுங்கள். இடையில் விட்ட அமைதியில்தான் அவர்கள் வெட்டி ஒட்டுவார்கள். பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கினால் ஒட்டு தெரியும்.

5. போனில் நேரலை என்றால்

இது சுலபம். பக்கத்தில் ஓடும் ரேடியோவை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குரலே திரும்பி வந்து ஊளையிடும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதீர்கள். பெயர், ஊர், கேள்வி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றில் நோய் என்றால் எத்தனை நாள் நாற்று, இலையின் நுனி கருகுகிறதா ஓரம் கருகுகிறதா என்பதையும் எழுதுங்கள். அதைச் சொல்லாமல் கேட்டால் பதில் சொல்கிறவர் என்ன செய்வார், பாவம்.

6. டிவியில் கூப்பிட்டால்

தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் வயலுக்கே கேமராவோடு வருவார்கள். பளீர் வெள்ளை வேண்டாம், திரையில் கண்ணைப் பறிக்கும். நெருக்கமான பொடிக்கோடு போட்ட சட்டையும் வேண்டாம், திரையில் கோடுகள் நெளியும். கேமராவைப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்கிறவரைப் பாருங்கள். செய்து காட்டும் வேலையென்றால் ஒரே செய்கையை மூன்று நான்கு தடவை கேட்பார்கள், தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று. எனவே வாளி, உப்பு, நெல் எல்லாவற்றையும் நாலு மடங்கு எடுத்து வையுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

7. ஒலிபரப்பு நாள்

தேதியும் நேரமும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாறினால் தெரிவிக்க உங்கள் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரேடியோ இல்லாத வீட்டில் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கேட்கலாம். இன்னொரு போனில் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள்.

பிறகு ஒரு நோட்டு போடுங்கள். கேட்டவர்கள் கேட்கும் கேள்வியை அன்றைக்கே அதில் எழுதுங்கள். என் விதை நெல் உரை ஒலிபரப்பான மூன்றாம் நாள், பக்கத்து ஊர் அத்தை ஒருவர் வாய்க்கால் மதகில் என்னை நிறுத்தினார். "ஏம்மா, நீ சொன்னபடிதான் போட்டேன். உப்பே போடலை, வெறும் தண்ணியிலேயே முட்டை மிதக்குதே?" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாள்பட்ட முட்டை மிதக்கும். எங்கள் வீட்டில் கோழி இருப்பதால் முட்டை எப்போதும் புதுசு, அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் கடையில் வாங்கியிருக்கிறார். அடுத்த வருஷம் அதே உரைக்குக் கூப்பிட்டபோது, 'கோழிமுட்டை ஒண்ணு' என்ற இடத்தில் 'அன்னைக்கு இட்ட கோழிமுட்டை ஒண்ணு' என்று திருத்தி எடுத்துப் போனேன்.