மலையகச் சிறுவர் ஹொக்கி லீக்: செலவைக் குறைக்கப்போய் நாம் செய்யும் தவறுகள்

இலங்கையின் மலையகத்தில் ஹொக்கி என்றால் மாத்தளையின் பெயர்தான் முதலில் வரும். தேசிய அணிக்குத் தலைமுறை தலைமுறையாக வீரர்களை அனுப்பி வரும் ஊர் அது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கோ அந்த விளையாட்டு இன்னும் கைக்கெட்டாமல்தான் இருக்கிறது. அந்தக் குறையைப் போக்கவென்று ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஊதியம் வாங்காமல் ஒரு லீக்கைத் தொடங்கும்போது, செலவு எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருப்பதில்லை. இருந்தும் ஓரிரு பருவங்களுக்குள் லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள், ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். அப்படியான ஒரு லீக்கின் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், நான் செய்த தவறுகளையும் பக்கத்தில் இருந்து பார்த்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, சேர்வுப் பணத்தை மட்டுமே செலவென்று கணக்கிடுவது. சேர்வுப் பணத்தை 500 ரூபாவாகக் குறைத்துவிட்டோம் என்று குழு திருப்திப்படலாம். ஆனால் தோட்டப் பிரிவான டிவிஷனிலிருந்து நகர மைதானத்துக்குப் போய்வர பஸ்ஸுக்கும் சிற்றுண்டிக்குமாக ஒரு சனிக்கிழமைக்கு 250 ரூபா ஆகிறதென்று வைத்துக்கொண்டால், பத்துச் சனிக்கிழமைகளுக்கு 2500 ரூபா. இரண்டும் சேர்ந்து 3000. 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது இரண்டு நாட் சம்பளத்தையும் தாண்டிவிடுகிறது. சப்பாத்து இதில் சேரவில்லை. பதினொரு வயது மகளைத் தனியே அனுப்பப் பயந்து தாயும் கூடவே வந்தால், அவருக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். அந்த இழப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் பதியப்படுவதில்லை. ஆகவே செலவைக் கணக்கிடும்போது குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதைவிட, ஒரு வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு மாலையில் அந்த வீட்டுக்கே திரும்பிவரும் வரை கையிலிருந்து எவ்வளவு போகிறதென்று எழுதிப் பார்ப்பதே சரியானது. நாங்கள் அப்படி எழுதிப் பார்த்த பிறகுதான், சேர்வுப் பணத்தில் நூறு ரூபா குறைப்பதைவிட, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பேற்று ஒரே பஸ்ஸில் அழைத்து வருவது பெரிய உதவி என்பது விளங்கியது.

இரண்டாவது தவறு என்னுடையது; இன்றும் மனதை உறுத்துவது. சலுகை பெற்ற பிள்ளைகளின் பெயர்களை, ஒளிவுமறைவு இல்லாமல் நடத்துகிறோம் என்ற எண்ணத்தில், பயிற்சி தொடங்குமுன் எல்லோருக்கும் முன்னால் வாசித்தேன். வரிசையில் நின்ற ஒரு பையன் தன் பெயர் வந்ததும் தலையைக் குனிந்து, மட்டையின் பிடியில் சுற்றியிருந்த பட்டியின் பிரிந்த நுனியை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் அந்த மட்டை ஒரு பழைய சாக்கில் சுற்றி, அவனுடைய தம்பியின் கையில் திரும்பி வந்தது. வறுமையை நிரூபித்தால்தான் உதவி என்று கேட்பதும், கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டுவரச் சொல்வதும் அதே காயத்தை வேறு விதமாகச் செய்பவைதான். அந்தக் கடிதத்துக்காகவும் ஒருவர் அரைநாள் வேலையை விட வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே குறைந்த தொகையை வைத்துவிட்டு, முடிந்தவர்கள் கூடுதலாகத் தரலாம் என்று சொல்வதும், யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைப் பொருளாளரும் இன்னொருவரும் மட்டும் அறிந்திருப்பதும் போதும்.

கட்டணத்தைத் தோட்ட அலுவலகத்தின் மூலம் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். வசூலிக்க அது இலகுவான வழிதான். ஆனால் சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத் தவணை, கோயில் பணம் என்று ஏற்கெனவே வெட்டு நிறைந்த சம்பளத் துண்டில் பிள்ளையின் விளையாட்டும் ஒரு வெட்டாகச் சேர்ந்தால், வீட்டில் முதலில் நிறுத்தச் சொல்வது அதைத்தான்.

பணம் கேட்கும் காலமும் மிக முக்கியமானது. மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, மைதானம் சேறாகிவிடும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்தில் லீக்கை வைக்கிறோம். அதே வரட்சியில்தான் கொழுந்தும் குறைகிறது. கொழுந்து குறைந்தால் வேலை நாளும் கைக்காசும் குறைகின்றன. அதாவது விளையாட உகந்த மாதங்களே வீட்டில் காசில்லாத மாதங்களாக இருக்கின்றன. இதைக் கவனியாமல் ஜனவரியில் முழுத் தொகையையும் கேட்பது பெருந்தவறு. ஒக்டோபரிலிருந்தே சிறு தவணைகளாக, சம்பள நாளை ஒட்டி வாங்கினால் சுமை தெரியாது. ஊவாப் பக்கத்தில், குறிப்பாகப் பதுளை, பண்டாரவளையில், வடகீழ்ப் பருவமழையே அதிகம் என்பதால் இந்த நாட்காட்டி அங்கே பொருந்தாது. போட்டியை மழைக்காக ஒத்திவைப்பதென்றால் முதல்நாள் மாலையே அறிவிக்க வேண்டும். பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தபின் திருப்பி அனுப்பினால், அந்த பஸ் காசை யாரும் திருப்பித் தருவதில்லை.

உபகரணத்தில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு பிள்ளையும் சொந்த மட்டை வாங்க வேண்டும் என்பது. மட்டையின் நீளம் ஏறத்தாழ இடுப்பெலும்பு வரை வர வேண்டும். வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடங்களில் அது குட்டையாகிவிடும். பொது மட்டைகளை நீளவாரியாக வைத்து இரவல் கொடுப்பதே வழி. ஹொக்கி விதிப்படி மட்டையின் உருண்டையான பின்பக்கத்தால் ஆட முடியாது, ஆடுவதற்கான தட்டைப் பக்கம் எல்லா மட்டைகளிலும் இடப்பக்கமே இருக்கும். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. ஆகவே நீளம் சரியாக இருந்தால் ஒரு மட்டை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அடிமுனை சிராய்ந்த மட்டையை உடனே வீசிவிடவும் வேண்டியதில்லை. ஈரம் உலர்ந்தபின் சிராய்களைத் தேய்த்து, பசையிட்டு இறுகப் பட்டி சுற்றினால் இன்னொரு பருவத்துக்குப் பயிற்சிக்கு உதவும்.

மற்றத் தவறு, பாதுகாப்பில் காசு மிச்சம் பிடிப்பது. ஹொக்கிப் பந்தின் நிறை 156 முதல் 163 கிராம். கடினப் பந்துக் கிரிக்கெட் பந்தின் நிறையும் ஏறக்குறைய அதுவே. அப்படிப்பட்ட பந்து முழங்காலுக்குக் கீழே பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கணுக்கால்வரையான கணைக்கால் காப்பும் பற்காப்பும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் மைதானத்தில் இறக்கக்கூடாது. பற்காப்பு மட்டும் இரவலாகாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வேண்டும். கோல் காப்பாளரின் தலைக்கவசமும் கால் தடுப்புகளும்தான் லீக்கின் மிகப்பெரிய செலவு. அதற்கு வசதியில்லாத வருடத்தில் மென்பந்தைக்கொண்டு சிறிய களத்தில் ஆடலாம். முழுக்களம் 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்டது. அவ்வளவு சமநிலம் தோட்டத்தில் எங்கே கிடைக்கும்? ஐவர் ஆட்டத்துக்குச் சர்வதேச விதிகளே இருக்கின்றன. தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் ஒரு பிரட்டுக்களமும் இரண்டு சிறு கோல்களும் தொடங்கப் போதும். செயற்கைப் புல்தரைக் கனவை முன்வைத்துப் பணம் சேர்ப்பது, இருக்கிற பிள்ளைகளின் பஸ் காசை மறக்கவைக்கும்.

ஒரே அனுசரணையாளரை நம்புவதும் ஆபத்து. அவர் ஒரு வருடம் கைவிட்டால் லீக்கே நின்றுவிடும். பல கடைகள் ஆளுக்கொரு சிறு தொகை தருவது மேல்.

தொண்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்றுவிப்பாளர் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து, தொலைபேசிக்கும் தானே காசு போட்டுச் சமாளிப்பதைத் தியாகமென்று பாராட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அந்தச் செலவு எழுதப்படாததால் லீக் மலிவாக நடப்பதுபோல் தோன்றுகிறது. மூன்றாம் வருடம் அவர் சோர்ந்து விலகும்போது, அவர் இடத்துக்கு வருபவரால் அதைத் தாங்க முடிவதில்லை. அவர் பணத்தை வேண்டாம் என்றாலும், செலவாகவும் அவரது நன்கொடையாகவும் கணக்கில் எழுத வேண்டும்.

எங்கள் கூட்டங்கள் முதலில் வேலைநாட்களில் காலை பத்து மணிக்கு நகரத்தில் நடந்தன. மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மார் எப்படி வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பின்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டிவிஷன் கோயில் முன்றலில் பாய் விரித்துக் கூடினோம். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, “சேர், மூன்று மணிக்குப் பயிற்சி வைத்தால் நான் மலையிலதான் நிற்பேன், நிறுவை முடிந்து வர ஐந்தாகும், அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது?” என்று கேட்டார். அன்றே பயிற்சியை ஞாயிறு காலைக்கு மாற்றினோம். இப்போது மேல் டிவிஷனிலும் கீழ் டிவிஷனிலுமாக மாறிமாறி நடக்கிறது. பிள்ளைகள் நகரத்துக்கு வருவது போட்டி நாளில் மட்டும்தான்.