ஒரே இடத்துக்குப் பத்து முறை: நிலக்காட்சிப் படம் எடுக்கும் முறை

நிலக்காட்சிப் படம் எடுக்கக் கற்பவர் பத்து ஊர்களுக்கு ஒரு முறை போவதைவிட, ஓர் இடத்துக்குப் பத்து முறை போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதல் முறை கேமராவை வெளியே எடுக்காமலேயே நடந்து, சூரியன் எங்கே எழுகிறது, எந்தப் பாறையின் நிழல் கடைசியாக விலகுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 6 பாகைக்குள் இருக்கும்போது ஒளி காற்றில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீலம் சிதறிப் பொன்னிறம் மிஞ்சுகிறது. அந்தச் சாய்வொளியில்தான் மண்ணின் மேடுபள்ளம் துலங்கும் என்பதால், விடிவதற்கு முன்பே முக்காலியை ஊன்றிவிட வேண்டும்.

ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-இலும், லென்ஸின் துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரையிலும் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) இருப்பது பெரும்பாலான காட்சிகளுக்குப் போதும். எஃப் 16-ஐத் தாண்டினால் சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் கூர்மை குறையத் தொடங்கும். வழக்கமான ஜேபெக் படக்கோப்பு ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகளையே வைத்திருக்க, கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளைப் பதிவு செய்வதால், ராவிலேயே எடுங்கள்.

அருவி நல்ல பயிற்சிக்களம். ஈரப் பாறையின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் பளபளப்பு, லென்ஸின் முன் மாட்டும், எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியை மெல்லத் திருப்பத் திருப்ப விலகி, அடியிலுள்ள பாசியின் பச்சை மேலெழுந்து வருவதைத் திரையில் பார்த்தபடியே சரியான இடத்தில் நிறுத்தலாம். அந்தக் கண்ணாடியே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைத்துவிடும். இன்னும் வெளிச்சம் மிகுதியாக இருந்தால் நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர், 1/60 நொடி ஷட்டர் நேரத்தை ஏறத்தாழ 1 நொடியாக நீட்டித் தரும். முப்பது நொடி வைத்தால் நீர் வெறும் பனிமூட்டமாகிவிடுகிறது. அரை நொடியில் அதன் இழைகளும் வேகமும் மிஞ்சுவதால், நான் அதையே விரும்புகிறேன். கரையோர இலைகள் ஆடும்போது ஷட்டரை அழுத்தாமல், காற்று அடங்கும்வரை காத்திருங்கள்.

1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை, நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் கறுப்பு வெள்ளையில், முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனதில் கண்ட இருண்ட வானம் அதில் வராது என்று உணர்ந்ததும், சிவப்பு ஃபில்டருக்கு மாறி, எஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டை அதற்கே செலவிட்டார். எடுக்கும் முன்பே படத்தைக் கண்டுவிடும் இந்தப் பழக்கம், பழகிய இடத்தில்தான் எளிதாகக் கைகூடுகிறது.

இதைத் தொழிலாக்க நினைப்பவருக்கும் அதே இடம் உதவும். கோடை, மழை, பனி என எல்லாப் பருவங்களிலும் எடுத்த தொகுப்பு, ஒற்றை அழகிய படத்தைவிடப் பதிப்பாசிரியருக்குப் பயன்படும். பதிப்புரிமையை விற்காமல் பயன்பாட்டு உரிமம் மட்டும் கொடுங்கள். எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, அதே படத்தை நீங்கள் பிறருக்கும் தரலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடம், நாள், செடியின் பெயர் ஆகியவற்றை அன்றிரவே கோப்பில் பதிந்து, மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். முக்காலியை மடக்கும் முன், அட்டைப்படத்தில் தலைப்பு அமர்வதற்காக மேலே வானத்தைத் தாராளமாக விட்டு, நெடுக்குவாக்கில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.