50 நாள் நிற்கும் ஈஸ்டர் வாசல்

இங்கே நியூஜெர்ஸியில் ஈஸ்டர் சாமான் பிப்ரவரியிலேயே கடைக்கு வந்துவிடும். காதலர் தினத்துக்கு வைத்திருந்த சிவப்பு இதயங்கள் போன அலமாரியில் முயல், முட்டை, மஞ்சள் கோழிக்குஞ்சு எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை எல்லாம் பாதி விலை. தெருவிலும் அதே கதைதான். ஞாயிறு சாயங்காலம் விருந்தாளிகள் கிளம்பியதும் வாசலில் இருந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். தவக்காலம் 40 நாள் என்றால் பாஸ்கா காலம் 50 நாள், உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரில் தொடங்கி, தூய ஆவி இறங்கிய திருநாளான பெந்தெகொஸ்தே வரைக்கும். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, பெந்தெகொஸ்தே மே 24. நோன்புக்கு அத்தனை நாள் கொடுக்கிறோம், கொண்டாட்டத்துக்கு ஒரே ஒரு ஞாயிறுதானா? அதனால் என் போர்ச்சை, அதாவது வீட்டு முன்வாசலை, அந்த 50 நாளும் தாங்குகிற மாதிரிதான் செய்வேன். அதற்கு நிறைய பணம் வேண்டாம், முன்யோசனை வேண்டும்.

முதல் யோசனை குளிரைப் பற்றி. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2024இல் மார்ச் 31, அடுத்த வருஷமே ஏப்ரல் 20. ஆனால் நம் பக்கத்து உறைபனி ஈஸ்டரைப் பார்த்து வருவதில்லை. மத்திய ஜெர்ஸியில் ஏப்ரல் கடைசி வரை இரவில் பனி உறையும், சில வருஷம் மே முதல் வாரத்திலும் விழும். அன்னையர் தினம், அதாவது மே இரண்டாவது ஞாயிறு தாண்டாமல் மென்மையான செடி எதையும் வெளியே வைக்காதே என்று இங்கே தோட்டம் போடுகிறவர்கள் எல்லாருமே சொல்வார்கள். ஆகவே அலங்காரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடித்தளம் வசந்தகாலத்துக்கு, மார்ச் நடுவில் வைத்துவிடலாம், குளிர் தாங்குவதாக இருக்க வேண்டும். அதன்மேல் வருவது ஈஸ்டருக்கு. ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பு வழிபாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரத்தில் மாட்டி முடிகிற அளவு இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் தரையைக் கழுவுங்கள். குளிர்காலம் முழுக்கத் தூவிய உப்பு படியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் பெரும்பாலும் போதும். போகாத கறைக்கு ஒரு வாளி தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் கலந்து தேய்த்து, உடனே நன்றாக அலசிவிடுங்கள். அந்த உப்புத் தண்ணீர் படியோரச் செடிகள் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதியடி நைந்திருந்தால் புதிதாகத் தேங்காய் நார் மிதியடி ஒன்று போடுங்கள். ஈரம் சீக்கிரம் உலரும், மண்ணையும் நன்றாகப் பிடிக்கும். கடையில் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பல மிதியடிகள் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே கப்பலேறி வந்தவை.

தொட்டிகள்

இதில்தான் முழு வாசலும் நிற்கிறது. கதவின் இரண்டு பக்கமும் 14 அங்குல வாய் உள்ள இரண்டு பெரிய தொட்டி. மார்ச் காற்று இங்கே பொல்லாதது. பிளாஸ்டிக் தொட்டி என்றால் அடியில் ஒரு செங்கல் வைத்துவிடுங்கள், ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டாம்.

வாங்கி வரும் பூச்செடியைத் தொட்டியில் நடாதீர்கள். நர்சரியில் கொடுத்த சின்னத் தொட்டியோடு அப்படியே பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடுக்குகளில் மண் போட்டு, மேலே பாசியைப் பரப்பி மூடிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நட்ட மாதிரியே இருக்கும். இந்த ஒரு பழக்கத்தால்தான் 50 நாள் ஓட்ட முடிகிறது. டாஃபடில் வாடியதும் உருவி எடுத்துவிட்டு அதே குழியில் டியூலிப்பை இறக்கலாம். டியூலிப் போனால், அன்னையர் தினத்துக்குப் பிறகு ஜெரேனியம். சுற்றி இருப்பது எதுவும் கலையாது.

என் வரிசை இது. நடுவில் உயரத்துக்கு நான்கைந்து புஸ்ஸி வில்லோ குச்சிகள். பூனைக்குட்டிப் பாதம் மாதிரி சாம்பல் நிற மொட்டுகள் இருக்குமே, அதுதான். அதற்கு முன்னால் டெட்-அ-டெட் என்கிற குட்டை டாஃபடில். உயர டாஃபடில் காற்றில் கழுத்து ஒடிந்து விழும், இது விழாது. சுற்றிலும் பான்ஸி, விளிம்பில் ஐவி இரண்டு கொடி. பான்ஸி நல்ல உழைப்பாளிச் செடி. லேசான உறைபனியில் இரவு தலை தொங்கிப் போயிருக்கும், வெயில் வந்ததும் நிமிர்ந்துகொள்ளும். வாடிய பூவைக் காம்போடு கிள்ளிக்கொண்டே வந்தால் ஜூன் வெயில் வரைக்கும் பூக்கும். ஊதா பான்ஸியை நான் தவக்காலத்துக்கு வைப்பேன், ஈஸ்டருக்கு வெள்ளையும் மஞ்சளும் சேர்ப்பேன்.

வாங்கும்போது பூத்து நிற்பதை எடுக்காதீர்கள். பச்சை மொட்டில் லேசாக நிறம் எட்டிப் பார்க்கிற செடிதான் வேண்டும். எங்கள் போர்ச் தெற்குப் பார்த்தது. வெயில் நேராக அடிப்பதால் டாஃபடில் சீக்கிரமே முடிந்துவிடும். வடக்குப் பார்த்த வீடு என்றால் இன்னும் பல நாள் நிற்கும். கூரை இருக்கிற போர்ச்சில் மழை தொட்டிக்குப் போய்ச் சேராது என்பதும் நினைவில் இருக்கட்டும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

அணில் தொல்லை எல்லா வீட்டிலும் உண்டு. டியூலிப்பை அணில், முயல், மான் மூன்றும் தின்னும். டாஃபடிலை மூன்றும் தொடாது, அதில் நஞ்சு இருக்கிறது. டியூலிப் வைக்கிற தொட்டியில் பாசிக்கு அடியில் கோழிவலைக் கம்பி ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள்.

கதவு

கதவுக்கு ஒரு வளையம் வேண்டும். திராட்சைக் கொடியில் பின்னிய வெறும் வளையம் கைவினைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பல வருஷம் வரும். 36 அங்குலக் கதவுக்கு 18 முதல் 24 அங்குலம் வரை சரியாக இருக்கும். அதைவிடச் சின்னதாக இருந்தால் தெருவிலிருந்து கண்ணுக்கே படாது.

பூவை ஒட்டுவதற்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கியை எடுக்காதீர்கள். இங்கே நிறைய வீடுகளில் கதவுக்கு வெளியே கண்ணாடிக் கதவு ஒன்று இருக்கும். வெயில் அடிக்கிற பக்கம் என்றால் இரண்டுக்கும் நடுவில் சூடு ஏறி, பசை இளகி, பூவெல்லாம் கீழே கிடக்கும். பூக்கட்டுகிற 22 கேஜ் கம்பிதான் நல்லது. ஒவ்வொரு காம்பையும் வளையத்தின் கொடிக்குள் சாய்வாகச் செருகுங்கள், கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், முனையைப் பின்பக்கம் முறுக்கி உள்ளே மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதவின் பெயின்ட்டைக் கீறிவிடும். எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும், கடிகார முள் போகிற பக்கமாக. முழு வட்டத்தையும் நிரப்பத் தேவையில்லை. கீழே இடது மூலையில் அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப் போக மெலிந்துவிட்டால் அதுவே அழகு.

தவக்காலம் முழுக்க என் வளையத்தில் பூ கிடையாது, ஒரு ஊதா ரிப்பன் மட்டும். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுக்கும் ஓலையை அன்றைக்கே சிலுவையாகப் பின்னி அதில் செருகுவேன். இரண்டு நாள் போனால் ஓலை காய்ந்து மடிக்கும்போதே வெடிக்கும். அப்படிக் காய்ந்துவிட்டால் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். ஊரில் அதை வாசல் நிலைக்கு மேலே வைப்போம். பெரிய சனிக்கிழமை ஊதா ரிப்பன் இறங்கும், வெள்ளை ஏறும், பூக்கள் சேரும். ஓலைச் சிலுவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

சனிக்கிழமை ஏறுவது

கிளைகளில் முட்டைகளைத் தொங்கவிடும் முட்டை மரம் ஜெர்மன்காரர்களின் வழக்கம். முட்டை கொண்டுவரும் முயலும் 1700களில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்களோடுதான் அமெரிக்காவுக்கு வந்தது. ஜெர்மனியில் சால்ஃபெல்ட் என்ற ஊரில் ஒரு குடும்பம் 1965இல் வீட்டு ஆப்பிள் மரத்தில் 18 பிளாஸ்டிக் முட்டைகளைக் கட்டத் தொடங்கி, 2012இல் 10,000 முட்டை வரை போனார்கள். நமக்கு ஒரு தொட்டிக்கு ஏழெட்டுப் போதும். வெளியில் தொங்கவிட மரமுட்டையோ பிளாஸ்டிக்கோதான் சரி. கோழிமுட்டை ஓடு முதல் காற்றிலேயே நொறுங்கிவிடும். பிளாஸ்டிக் முட்டையின் நுனியில் பெரும்பாலும் ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். அதில் தூண்டில் நரம்பைக் கோத்து, உள்ளே முடிச்சிட்டு, புஸ்ஸி வில்லோ குச்சியில் வெவ்வேறு உயரத்தில் கட்டுங்கள். பளபளப்பு பிடிக்காவிட்டால் மங்கலான வெள்ளை, வெளிர் நீலம் பூசிக்கொள்ளலாம். முட்டைக்குள் மிட்டாய் வேண்டாம், அணிலும் எறும்பும் வந்துவிடும்.

அடுத்தது ஈஸ்டர் லில்லி. இதை நான் பகலில் மட்டும் வெளியே வைப்பேன். இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு பூ விரிந்து, மீதி மொட்டாக இருக்கிற செடியாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டியைச் சுற்றியிருக்கும் ஜிகினாத் தாளைக் கழற்றுங்கள், தண்ணீர் தேங்கி வேர் அழுகும். பூ விரிந்த உடனே நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தப் பைகளை டிஷ்யூவால் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்துவிடுங்கள். பை வெடித்துத் தூள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். பூ கூடுதல் நாள் நிற்கும், வெள்ளை இதழில் கறை படாது, ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையிலும் படாது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பூனை வளர்க்கும் வீட்டில் லில்லி வேண்டவே வேண்டாம். இலையோ மகரந்தமோ கொஞ்சம் உள்ளே போனாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். தெருப்பூனை வந்து படுக்கிற போர்ச் என்றாலும் அப்படித்தான். அதற்குப் பதில் வெள்ளை பான்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படிக்கட்டு ஓரத்தில் ஒரு கண்ணாடி லாந்தர், உள்ளே டைமர் வைத்த வெள்ளை பேட்டரி மெழுகுவர்த்தி. கோயிலில் பாஸ்கா மெழுகுதிரி எரிகிற அந்த 50 நாளும் எங்கள் வாசலிலும் சாயங்காலம் ஒரு விளக்கு எரியும். என்னைக் கேட்டால், வேறு எதற்கும் நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யலாம்.

டவுன்ஹவுஸில் இருப்பவர்கள் அசோசியேஷன் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில இடங்களில் பொதுவழியில் தொட்டி வைக்க விடமாட்டார்கள்.

வளையத்தில் கூடு கட்டினால்

ஏப்ரலில் இது நடக்கும். தலையும் மார்பும் சிவந்த ஹவுஸ் ஃபின்ச் குருவிக்குக் கதவு வளையம் என்றால் ரொம்பப் பிடிக்கும். ராபின் பறவை விளக்கு மேலேயும் தூண் மேலேயும் கட்டும். முட்டை இட்டுவிட்டால் கூட்டைத் தொடாதீர்கள். 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டப்படி முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டை எடுப்பது குற்றம். குஞ்சு பொரித்துப் பறந்து போக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதுவரை கராஜ் வழியாகப் போய்வாருங்கள், பார்சல்காரருக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். கூடு வேண்டாம் என்றால் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து தினம் காலையில் வளையத்தைக் கழற்றி ஒரு உதறு உதறி மாட்டுங்கள். வைக்கோல் சேரும் முன்னே அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

பெந்தெகொஸ்தே முடிந்ததும்

முட்டைகளை நரம்போடு அட்டைப் பெட்டியில் வையுங்கள், ரிப்பனைச் சுருட்டி வையுங்கள். டாஃபடிலைத் தூக்கிப் போடாதீர்கள். பூ முடிந்து உருவி எடுத்த செடிகளை வெயில் படும் ஓரமாக வைத்து, இலை தானாக மஞ்சளாகும் வரை தண்ணீர் ஊற்றி, பிறகு கிழங்கை முன்பக்கத் தோட்டத்தில் ஆறு அங்குல ஆழத்தில் புதையுங்கள். அடுத்தடுத்த வருஷங்களில் தானாகப் பூக்கும். தொட்டியில் வாங்கிய டியூலிப் மறுவருஷம் ஒழுங்காக வராது, அதைக் குப்பை உரத்தில் போடலாம். லில்லியை மண்ணில் நட்டால் அடுத்த வருஷத்திலிருந்து ஈஸ்டருக்குப் பூக்காது, கோடையில் பூக்கும். ஓலைச் சிலுவை மட்டும் கதவிலேயே இருக்கட்டும். அடுத்த தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் பங்குக் கோயிலில் பழைய ஓலைகளை வாங்கிக்கொள்வார்கள், அப்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.