அமெரிக்காவில் மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பிக்கும் முன்: ஆஸ்பத்திரியில் வாலண்டியர் ஆவது எப்படி?

திருச்சியில் இருக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "நீட்ல மார்க் வந்தா சீட்டு, வரலைன்னா இல்ல. நடுவுல ஆஸ்பத்திரியில போய்ப் போர்வை மடிக்கிறது எதுக்குடா?" அங்கே அது சரிதான். இங்கே நாலு வருஷ டிகிரியும் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு மார்க்கும் கையில் இருந்தாலும், நோயாளிகள் பக்கத்தில் நீ இருந்து பார்த்திருக்கிறாயா என்ற கேள்வி மிச்சம் இருக்கும். பதினோராம் வகுப்பில் நியூ ஜெர்சிக்கு வந்த எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை, கல்லூரி இரண்டாம் வருஷம் பாதியில்தான் தெரிந்தது. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன்.

படி 1: இடம் பிடிப்பது

கல்லூரி முதல் வருஷமே தொடங்கிவிடுங்கள். விண்ணப்பம் அனுப்புவது, சேர்வதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னால், மே கடைசியிலோ ஜூனிலோ. அந்த வருஷம் பிப்ரவரியில் விழித்துக்கொண்டு நாலே மாதத்தில் இருநூறு மணி நேரம் அள்ளினால், தேதியைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வாரம் ஒரு நாள், நாலு மணி நேரம், ஒரே வார்டு, ஒன்றரை இரண்டு வருஷம். இது போதும்.

ஆஸ்பத்திரியின் தளத்தில் வாலண்டியர் சர்வீசஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், அங்கே பதியலாம். எல்லோரும் எமர்ஜென்சி கேட்பார்கள், பரபரப்பாக இருக்குமாம்! அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் படுக்கை விரிப்பும் கையுறைப் பெட்டியும்தான். என்னைக் கேட்டால் முதியோர் வார்டு. 1990களில் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான ஹெல்ப் என்ற திட்டம் பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. வயதானவர்களுக்கு அட்மிட் ஆனபின் வரும் திடீர் மனக் குழப்பத்தைத் தடுக்க, வாலண்டியர்கள் தினமும் போய்ப் பேசுவது, சாப்பிட வைப்பது, கொஞ்சம் நடக்க வைப்பது. இன்னொன்று ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் காலப் பராமரிப்பு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில், சம்பள ஊழியர்கள் நோயாளிகளைக் கவனிக்கும் நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்காவது வாலண்டியர்கள் வேலை செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஆகவே அவர்களே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். டாக்டர் பின்னால் நின்று பார்க்கும் ஷேடோயிங் வேறு கணக்கு, அதை இதில் சேர்க்காதீர்கள்.

படி 2: பேப்பர்

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளுக்கு அத்தாட்சி கேட்பார்கள். ஊரில் போட்ட அட்டை எந்தப் பரணில் கிடக்கிறதோ! கிடைக்காவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கும் டைட்டர் சோதனையை ஏற்பார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஏற்பார்கள். அடுத்தது காசநோய்ச் சோதனை. முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். நமக்குக் குழந்தையிலேயே பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் (தோளில் தழும்பைப் பாருங்கள்), அதனால் கிருமி இல்லாமலேயே தடித்துக் காட்டலாம். எனக்குத் தடித்தது. எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று ஒன்றரை மாதம் போச்சு. முதல் நாளே "பிசிஜி போட்டிருக்கிறேன், குவான்டிஃபெரான் மாதிரி ரத்தச் சோதனை செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள், பிசிஜியால் அதன் முடிவு மாறாது.

படி 3: அறைக்குள் போவது

என் இரண்டாவது ஷிஃப்டில், பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர் தண்ணீர் கேட்டார். ஜாடியும் கப்பும் ஜன்னலோரம் இருந்தன. ஊற்றி வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டேன், நர்ஸ் ஓடிவந்து கப்பைப் பிடுங்கினார். கட்டிலுக்கு மேலே, என் தலைக்கு நேராக, தாள் ஒட்டியிருந்தது: கெட்டியாக்கிய திரவம் மட்டும். விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாதவருக்குச் சாதாரணத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். அவ்வளவு பெரிய எழுத்தை நான் பார்க்கவேயில்லை. அன்றைக்கு முழுக்க அந்த நர்ஸ் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அதனால் வரிசை இதுதான். ஷிஃப்ட் தொடங்கியதும் நர்ஸிடம் போய் "யாருக்குச் சாப்பாடு, தண்ணீர் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது" என்று கேளுங்கள். கதவில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள், கவுனும் கையுறையும் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள், அந்த அறைக்குப் போகலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சி டிஃப் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி உள்ள அறையிலிருந்து வெளியே வந்தால் ஜெல் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லி, வாலண்டியர் என்றும் சொல்லுங்கள், நீலச் சட்டையைப் பார்த்து டாக்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்புறம் "உட்காரலாமா?" என்று கேட்டு உட்காருங்கள். வாசலில் நின்றபடி "ஏதாவது வேணுமா?" என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

உட்கார்ந்தபின் சுற்றிப் பாருங்கள். நர்ஸை அழைக்கும் பட்டன் கைக்கு எட்டுகிறதா? மூக்குக் கண்ணாடி எங்கே? டிரேயில் சாப்பாடு தொடாமல் இருந்தால் பசியில்லை என்று முடிவுகட்டாதீர்கள், மூட்டுவாதம் வந்த விரலால் அந்தச் சின்னப் பால் டப்பாவைத் திறக்க முடியாது. டிரேயில் கசங்கிய டிஷ்யூ கிடந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே பல்செட்டோ காது மெஷினோ இருக்கும். நான் ஒரு முறை குப்பைக்குப் போகவிருந்த காது மெஷினை மீட்டிருக்கிறேன், அந்தப் பாட்டி அதுவரை பதில் சொல்லாததை எல்லோரும் மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்களாக எழுப்பி நிற்க வைக்கக் கூடாது (ஹெல்ப்பில் நடக்க வைப்பது அதற்கான பயிற்சிக்குப் பிறகுதான்), பாத்ரூமுக்குக் கூட்டிப் போகக் கூடாது. மஞ்சள் பட்டை, மஞ்சள் சாக்ஸ் பல இடங்களில் விழக்கூடியவர் என்பதற்கு அடையாளம். மெஷின் கத்தினால் கைவைக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

படி 4: தமிழ் நோயாளி வந்தால்

பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மா அப்பா யாராவது அட்மிட் ஆவார்கள், உடனே "நீ தமிழ்தானே, வா" என்று கூப்பிடுவார்கள். எந்த ஊர், காபியில் சர்க்கரை போடலாமாம் என்றெல்லாம் பேசுங்கள், அவர்களுக்கு அதுவே பாதி வைத்தியம். நோய், மருந்து, ஆபரேஷன் பேச்சு வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் வைக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி, போனிலோ வீடியோவிலோ வருவார். "மயக்கமா இருக்கு" என்றால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா? "நெஞ்சைக் கரிக்குது" என்பதை நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டால் நடப்பதே வேறு. தமிழ் தெரிவது மட்டும் இதற்குப் போதாது.

படி 5: எழுதி வைப்பதும் விண்ணப்பமும்

ஒவ்வொரு ஷிஃப்டுக்குப் பிறகும் பஸ்ஸிலேயே நாலு வரி எழுதிவிடுங்கள். பெயர், அறை எண், அடையாளம் எதுவும் வேண்டாம். நோயாளிகளின் மருத்துவத் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்லும், 1996இல் வந்த ஹிப்பா சட்டம் விளையாட்டில்லை. வார்டில் செல்ஃபியும் வேண்டாம், பின்னால் போர்டு தெரியும்.

பெரும்பாலான மெடிக்கல் காலேஜுகளுக்குப் பொதுவான அம்காஸ் விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குறிகள். அதில் மிக முக்கியமானவை என்று 3 தேர்ந்தெடுத்தால் அவற்றுக்கு இன்னும் 1,325. "இரக்கத்தைக் கற்றேன்" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள், பால் டப்பாவை எழுதுங்கள். லீவுக்கு மதுரை போய் மாமாவின் நர்சிங் ஹோமில் தையல் போட்டதைப் பெருமையாக எழுதலாம் என்று தோன்றும். இங்கே அது உங்களுக்கே எதிராகத் திரும்பும், பயிற்சி இல்லாமல் நோயாளியைத் தொட்டவன் என்றுதான் படிப்பார்கள்.

ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் சரிபார்க்க ஒரு ஆளின் பெயரும் தொடர்பும் கேட்பார்கள். வாலண்டியர்களைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே மணிக்கணக்கை வருஷா வருஷம் மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போன மறுநாளே பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இன்டர்வியூ குளிர்காலம் வரை இழுக்கும், எனக்கு ஜனவரியில் நடந்தது, முதல் கேள்வியே "இன்னும் அங்கே போகிறாயா?" என்பதுதான்.